நூரிக்கு நான் விற்ற தீவனம்

பேசின் பிரிட்ஜில் அப்பா நடத்திய தவிட்டுக் கடையை நான் எடுத்து நடத்திய காலத்தில், கோழித் தீவனத்தைக் குதிரைக்கு விற்று ஒரு குதிரையைக் கொன்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. மூட்டையின் வாயோடு சேர்த்துத் தைத்திருந்த சீட்டில், குதிரை இனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நான் பி.காம். படித்தவன். அந்த வரியைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் சீட்டைப் பிய்த்துப் போட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சால்ட் கொட்டாய்க்குப் போகும் லாரிகளும் யார்டுக்குள் நுழையும் ரயில்களும் நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கடை. மாடு வைத்திருப்பவர்கள்தான் முக்கிய வாடிக்கை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, மூலகொத்தளம் என்று சுற்றுவட்டாரத்தில் அப்போது வீட்டுக்கு வீடு கறவை மாடு இருந்தது. குதிரைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். சவுகார்பேட்டை மார்வாடிக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண்குதிரை மேல் ஏறித்தான் வர வேண்டும் என்பதால், யானைகவுனிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவில் அந்தப் பிழைப்பு தாக்குப்பிடித்து நின்றது.

அவர்களில் ஒருவர் பாய். பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய அப்பா சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்து ஜட்கா ஓய்ந்த பிறகு மகன் கல்யாணக் குதிரைக்கு மாறினார். பக்கிங்காம் கால்வாய் ஓரம் தகரக் கொட்டாயில் ஒரே ஒரு குதிரை, வெள்ளை உடம்பில் புள்ளி விழுந்த பெண்குதிரை. நூரி என்று கூப்பிடுவார். ஊர்வலத்தில் பேண்டு செட் காதருகே வாசித்தாலும், காலடியில் சரவெடி வெடித்தாலும் அசையாமல் நிற்கும். அதனாலேயே அவருக்குச் சவாரி குறையாது.

பாய் எங்களிடம் வாங்குவது கொள்ளு, கோதுமைத் தவிடு, கடலைப் பொட்டு. கொள்ளைத் தன் கையால் புடைத்து, கல் பொறுக்கி, ஊறவைத்துத்தான் வைப்பார். எந்தத் தழை ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாண மண்டபத்து அலங்காரத்தில் அரளி இருந்தால் குதிரையை அந்தப் பக்கமே நிறுத்தமாட்டார். அரளி பச்சையாக இருந்தாலும் காய்ந்தாலும் நஞ்சுதான். முப்பது நாற்பது இலை போதும், ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்த. ஆமணக்கு விதை, ஊமத்தை, பூசணம் பிடித்த மக்காச்சோளம் எதையும் கிட்டே சேர்க்கமாட்டார். மழையில் நனைந்த சோளத்தைத் தின்ற குதிரை பைத்தியம் பிடித்ததுபோல் சுவரில் முட்டிச் சாகும் என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அந்தப் பூசணத்திலுள்ள ஃபியூமோனிசின் என்ற நஞ்சு குதிரையின் மூளையைக் கூழாக்கிவிடும் என்பதை 1988-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு உலகம் விளங்கிக்கொண்டது.

இத்தனையும் தெரிந்த மனிதருக்கு, தைத்த மூட்டைக்குள் இருக்கும் நஞ்சை மட்டும் பார்க்க வழியில்லை. அதைப் பார்த்துச் சொல்லும் இடத்தில் நான் இருந்தேன்.

செங்குன்றம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் எனக்குத் தர வேண்டிய பாக்கிக்கு ஈடாகப் பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவன மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் பிராய்லர் வளர்ப்பவர் யாரும் இல்லை. மூட்டைகள் கிடந்தன. அந்த வருஷம் கொள்ளு விலை ஏறியிருந்தது. கொள்ளுக்குப் பதில் விலை குறைவாக ஏதாவது இருக்கிறதா என்று பாய் கேட்டார். அன்றைக்கு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, கடைப் பையனையும் அனுப்பிவிட்டு, நான் மட்டும் உட்கார்ந்து கோழித் தீவனத்தையும் தவிடு பொட்டையும் சரிபாதி கலந்தேன். யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்துத்தான் பையனை அனுப்பினேன். மறுநாள் பாயிடம் 'குதிரைக் கலவை, புதுசா வந்திருக்கு' என்றேன்.

அந்த வரியைப் படித்தவன் ஏன் விற்றேன் என்று எனக்குள் பல தடவை கேட்டிருக்கிறேன். கம்பெனிக்காரன் எதற்கும் இப்படி ஒன்று போட்டு வைப்பான், பாதிக்குப் பாதி தவிடு கலந்தால் என்ன ஆகிவிடும் என்பது அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மைக் காரணம் முடங்கிக் கிடந்த பணம். அதற்கு மேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

அந்தத் தீவனத்தில் என்ன இருந்தது என்பதைப் பிற்பாடு தேடிப் படித்தேன். பிராய்லர் குஞ்சுகளை ரத்தக் கழிச்சல் வாரிக்கொண்டு போகும். அதைத் தடுக்கத் தீவனத்திலேயே மருந்து கலந்துவிடுவார்கள். மொனென்சின், சாலினோமைசின் என்று அந்தக் குடும்பத்தில் பல மருந்துகள் உண்டு. எல்லாம் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து எடுப்பவை. கோழிக்கு உயிர் காக்கும் மருந்து, மாட்டுக்கும் அளவோடு கொடுக்கிறார்கள். குதிரைக்கு மட்டும் ஆகவே ஆகாது. மொனென்சினை எடுத்துக்கொண்டால், பாதிக் கோழிகளைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வேண்டும். குதிரைக்கு 2 முதல் 3 மில்லிகிராமே போதும். நான் விற்ற மூட்டையில் இருந்த சாலினோமைசின் அதைவிடக் கொடியது. குதிரைக்கு 0.6 மில்லிகிராம்.

பிராய்லர் தீவனத்தில் அது வழக்கமாகக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இருக்கும். நூரி 300 கிலோ இருந்திருக்கும். 300-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 180 மில்லிகிராம். அதாவது மூன்று கிலோ கோழித் தீவனம், என் கலவையில் ஆறு கிலோ. பாய் நாளுக்கு நாலு கிலோ வைத்தார். முகூர்த்த நாளில் ஒரு வேளை சேர்த்து வைப்பார். போதாததற்குத் தவிடு லேசு, கோழித் தீவனம் கனம். மூட்டையைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் கனமானது அடியில் போய்த் தங்கிவிடும். மூட்டையின் அடிப்பாகம் வந்தபோது நூரி தின்றது பாதிக்கும் மேல் கோழித் தீவனமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடைக் கணக்கில் பைசா தவறாதவன் நான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு வருஷங்கள் ஆயின.

குதிரை முதலிலேயே சொல்லிவிட்டது. இந்த நஞ்சுக்கு முதல் அறிகுறி தீனியை ஒதுக்குவதுதான். இரண்டாம் நாளே பாய் கடைக்கு வந்தார்.

"தம்பி, நூரி வாய வெக்க மாட்டேங்குது. மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குது."

"புதுத் தீனி பாய், அப்படித்தான் இருக்கும். வெல்லத்தக் கரைச்சுத் தெளிச்சு வைங்க, தின்னும்."

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னேன். சொல்லும்போது அந்தச் சீட்டு என் நினைவுக்கு வந்தது. எதிர்க் கடையில் வெல்லம் வாங்கி அவர் வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்லத் தண்ணீர் தெளித்ததும் நூரி தின்றுவிட்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். நான் செய்ததில் இதைத்தான் என்னால் எந்த வகையிலும் தாங்க முடியவில்லை. மூட்டையை விற்றது பேராசை. இது, தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த ஓர் உயிரை ஏமாற்றித் தின்ன வைத்தது.

அடுத்த முகூர்த்தத்தன்று சவுகார்பேட்டையில் ஊர்வலம் முடிந்து திரும்பும்போது நூரி பின்னங்காலை இழுத்தது. கொட்டாய்க்கு வந்ததும் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பாய் சூலை என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கு ஆள் விட்டார், என்னிடம் ஸ்கூட்டர் இருந்ததால் டாக்டரை அழைத்துவர. அழைத்து வந்தேன். அதை இங்கே நல்ல காரியமாகச் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.

டாக்டர் காதை வைத்துக் கேட்டார், இதயம் தாறுமாறாக ஓடுகிறது என்றார். நூரி சிறுநீர் விட்டது. டார்ச் வெளிச்சத்தில் அது காப்பி நிறத்தில் இருந்தது. அவர் நிமிர்ந்து பாயைக் கேட்டார்:

"தீனி எதாச்சும் மாத்துனீங்களா?"

பாய் என்னைக் காட்டி, "இவுரு கடைல வாங்கறதுதான் சார். எப்பவும் அங்கதான்" என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது. நல்ல கடையில் வாங்குகிறேன் என்று டாக்டருக்குச் சொல்கிற பெருமை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

காப்பி நிறச் சிறுநீர் என்றால் தசை செத்து அதன் நிறமி சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது என்று பொருள். இந்த மருந்து உயிரணுவின் சவ்வு வழியாக உப்பு அயனிகளைத் தாறுமாறாகக் கடத்திவிடும். அந்தச் சமநிலை குலைந்ததும் உயிரணுவுக்குள் கால்சியம் குவிந்து, ஆற்றல் தரும் பாகங்களை அழித்துவிடும். அதிகம் உழைக்கும் தசையே முதலில் விழும். குதிரையில் அது இதயம். இதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால் தீவனம்தான் காரணம் என்று தெரிந்திருந்தால் செய்யக் கூடியவை இருந்தன. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரித்தூளும் எண்ணெயும் கொடுத்து, வயிற்றில் மிச்சமிருப்பது உடம்பில் ஏறாமல் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையை ஓர் அடிகூட நடக்கவிடாமல் நிறுத்தி வைக்கலாம்.

நாங்கள் நடத்தினோம். சூலை வந்த குதிரையைப் படுக்கவிடாமல் நடத்த வேண்டும் என்பது குதிரைக்காரர்களின் பழைய வழக்கம். ராத்திரி முழுக்கக் கால்வாய்க் கரையில் மேலும் கீழுமாக நூரியை நடத்தினார் பாய். அவர் களைத்தபோது கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் கயிறு வழியாக அதன் நடுக்கம் என் கைக்கு வந்துகொண்டே இருந்தது. கெட்டுப்போன இதயத்தோடு ஒரு பிராணியை நடக்க வைக்கிறோம் என்ற விஞ்ஞானம் அன்று எனக்குத் தெரியாது. ஆனால் இது சூலை இல்லை என்று தெரியும். அந்த ராத்திரியில் என் வாயைத் திறக்க எத்தனையோ நிமிஷங்கள் இருந்தன. விடிவதற்குள் நூரி முன்னங்கால் மடிந்து விழுந்தது, எழவில்லை.

வேப்பேரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று பாய் கேட்டார். 1903-ல் தொடங்கிய மதராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இதயத் தசையில் வெளிறிய கோடுகளைப் பார்த்ததுமே அங்கே யாராவது தீவனத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். "போனது போச்சு பாய், எதுக்கு அத வேற அறுத்துக்கிட்டு" என்றேன். அவருடைய துக்கத்துக்காகச் சொன்னதுபோல் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாநகராட்சி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. அன்று மாலையே, கொட்டாயில் மிச்சமிருந்த கலவை மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். குதிரையே இல்லை, பாய்க்கு எதற்கு அந்தச் செலவு என்று காசையும் கையில் கொடுத்தேன். தடயத்தை விலை கொடுத்து வாங்கிய என்னை அந்த மனிதர் வாழ்த்தினார்.

பாய் தன்னைத்தான் குற்றவாளியாக்கிக்கொண்டார். ஊர்வலம் முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போதே தண்ணீர் காட்டிவிட்டேன், அதனால்தான் செத்தது என்று நம்பினார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். டீக்கடையில், மசூதி வாசலில், என் கடைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என்னிடமேகூடச் சொன்னார். "அவசரப்பட்டுட்டேன் தம்பி. ஒரு அரை மணி நேரம் ஆற வுட்டிருக்கணும்." அவர் வேறு குதிரை வாங்கவில்லை. உனக்குக் குதிரை வளர்க்கத் தகுதி இல்லை என்று அல்லா காட்டிவிட்டார் என்றார். குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் பாரம் அவர் தலையிலிருந்து இறங்கி என் தலைக்கு வந்திருக்கும். அவர் உயிரோடு இருந்தவரை அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

சட்டம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 429-வது பிரிவு, குதிரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதைக் கொல்வதற்கும் நஞ்சிடுவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை என்றது. நோக்கமா, அலட்சியமா என்று வக்கீல்கள் வாதாடலாம். அந்த வாதத்துக்கு இடமே வராதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

வெளிநாட்டிலும் இதே தவறு நடந்திருக்கிறது. 2014-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் டேவி என்ற ஊரில் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு வந்த தீவனத்தில் மொனென்சின் கலந்துவிட்டது. 22 குதிரைகள் அதைத் தின்றன. சில உடனே செத்தன. பிழைத்தவையும் இதயத் தசையில் வடு விழுந்து சவாரிக்கு ஆகாதவையாயின. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 2009 ஏப்ரலில், அதே புளோரிடாவில் வெலிங்டனில் 21 போலோ குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து செத்தன. அவற்றுக்குப் போட்ட சத்து ஊசியில் செலினியம் அளவு மீறியிருந்தது. அதைத் தயாரித்த மருந்தகம், எங்கள் கலவையில் ஒரு பொருளின் அளவு தவறிவிட்டது என்று சில நாட்களுக்குள்ளேயே அறிவித்தது. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. அவர்களுக்கு வழக்கு, நஷ்ட ஈடு, உரிமம் என்று எவ்வளவோ பயம் இருந்திருக்கும். என்னைப் பயமுறுத்த ஒரு ஏழைக் குதிரைக்காரரைத் தவிர யாரும் இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையை விற்றுவிட்டுத் திருவொற்றியூருக்குக் குடிவந்தேன். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கக் கறுப்பானது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டிய ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அடுத்த நாட்களில் நடந்த ஒரு தெருக்கூட்டத்தில் நானும் மைக் பிடித்தேன். நாங்கள் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் எங்களிடம் ஏன் சொல்லவில்லை, தெரிந்து மறைப்பவன் கொலைகாரன் என்று பேசினேன். கைதட்டினார்கள். நான் பேசியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே பிய்த்துப் போட்ட அந்தச் சீட்டு என் கண்முன் வந்து நின்றது. அதற்கு மேல் பேச முடியாமல் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

பாய் காலமாகியிருந்தார். மகனைத் தேடிப் போனேன். மின்ட் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். சீட்டு, கலவை, வெல்லம், டாக்டர் கேட்ட கேள்வி, திருப்பி வாங்கிய மூட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அத்தா சாவற வரைக்கும் அந்தத் தண்ணியப் பத்தித்தான் பேசினாரு" என்றார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"அந்தத் தீனிய வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். வியாசர்பாடியிலிருந்து கழுதை ஓட்டிக்கொண்டு வந்து தெருத்தெருவாகக் கழுதைப்பால் விற்பவர் ஒருவர் அதே கலவையில் அரை மூட்டை வாங்கிப் போனார். கழுதையும் குதிரை இனம்தான். அவருக்கு அப்போது இரண்டு கழுதைகள் இருந்தன, ஒன்றுக்குக் குட்டி. அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் வரவில்லை என்று போய்க் கேட்கவில்லை. பாயின் மகன் கேட்டிருக்காவிட்டால் இதை அவரிடமும் சொல்லியிருக்க மாட்டேன், இங்கேயும் எழுதியிருக்க மாட்டேன்.